கூத்துச் சொற்களை விக்கித்தரவில் ஏற்றுவது பற்றி

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியை கேட்டிருக்கிறார். அவரும் மாணவர்களும் கிருஷ்ணகிரி, தர்மபுரி சுற்றுவட்டாரத்துக் கூத்துக் கலைஞர்களிடம் பேசி, முந்நூறு சொற்களுக்கு மேல் எக்செல் தாளில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் என்று நான்கு பத்திகள். இதை அப்படியே விக்கித்தரவு என்ற திறந்த தரவுத்தளத்தில் ஏற்றிவிடலாமா, ஒரு சொல்லுக்கு நேராக மற்ற மொழிச் சொல்லைப் போட்டால் போதுமா என்பது கேள்வி.

மேடம், தயவுசெய்து இப்போதைக்கு ஏற்றாதீர்கள். நீங்கள் சேர்த்தது வீண் என்று சொல்லவில்லை. முந்நூறு சொல் என்பது பெரிய உழைப்பு. ஆனால் நான்கு பத்தித் தாளில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு வரியில் இருக்கும் நான்கு சொல்லும் ஒரே பொருளைக் குறிக்கின்றன என்று அந்தத் தாள் சத்தியம் செய்கிறது. கூத்தைப் பொறுத்தவரை அந்தச் சத்தியம் பாதிக்கு மேல் நிற்காது.

என் அனுபவத்தையே சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் பாலக்கோடு பக்கம் ஒரு கூத்து வாத்தியாரிடம் பட்டியலோடு போய் உட்கார்ந்தேன். பகல் நேரம், டீக்கடை பெஞ்சு. "இதுக்கு என்னங்க பேரு, அதுக்கு என்னங்க பேரு" என்று நான் கேட்க, அவரும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். "திரைன்னா கர்ட்டன்தானே வாத்தியாரே?" என்றேன். "ஆமா தம்பி" என்றார். எழுதிக்கொண்டேன். அன்று ராத்திரி அதே ஊரில் அவர்கள் கூத்து. வேஷம் கட்டும் பந்தலில் ஓரமாக நின்றிருந்தேன். அடுத்த வேஷக்காரர் சலங்கையை இறுக்கிக்கொண்டு, "நான் போலாமா?" என்று கேட்கிறார். வாத்தியார் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, "இரு, துரியோதனன் திரை இன்னும் முடியல" என்கிறார். துணி அங்கேயேதான் இருந்தது, அது எங்கே முடியும்? அவர் சொன்ன திரை, ஒரு வேஷம் முதன்முதலாகச் சபைக்கு வரும் அந்த முழுக் கட்டம். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் புடவையையோ போர்வையையோ பிடித்து நிற்க, அதற்குப் பின்னால் சலங்கைச் சத்தம் மட்டும் கேட்க, துணிக்கு மேலே கிரீடம் மட்டும் தெரிய, விருத்தம் பாடி, தரு பாடி, தன் பெருமை சொல்லி, கடைசியில் துணி விலகி ஆள் முழுசாக வெளியே வரும் வரைக்கும் அது "துரியோதனன் திரை". பகலில் அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்கு அவ்வளவுதான் பதில்.

அதனால் முதல் வேலை, உங்கள் தாளில் "தமிழ்ச்சொல்" பத்திக்கும் முன்னால் ஒரு பத்தி சேர்ப்பது. அதில் சொல்லே வேண்டாம். ஓர் எண், ஒரு படம் அல்லது பத்து விநாடி வீடியோ, அதில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் புரியும்படி இரண்டு வரி. "இருவர் கையில் பிடித்து நிற்கும் துணி; அதன் பின்னிருந்து வேஷம் அறிமுகமாகிறது" என்று ஒரு வரி. "ஒரு பாத்திரம் முதன்முதலாகச் சபைக்கு வரும் கட்டம், பாட்டும் ஆட்டமுமாக" என்பது வேறு எண்ணில் இன்னொரு வரி. இரண்டுக்கும் தமிழில் "திரை" என்ற ஒரே சொல் வரட்டும், தப்பில்லை. பொருளுக்கு எண் கொடுத்துவிட்டு, அதன் மேல் ஒவ்வொரு மொழிக்காரரும் தங்கள் சொல்லைக் கொண்டுவந்து மாட்ட வேண்டும். சொல்லின் மேல் சொல்லை ஒட்டினால் பிறகு பிரிக்கவே முடியாது.

விக்கித்தரவும் இந்த முறைக்கு ஏற்றபடிதான் கட்டப்பட்டிருக்கிறது. 2012 அக்டோபரில் தொடங்கியபோது அதில் பொருள்களுக்கான பக்கங்கள் மட்டும்தான் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் க்யூ என்ற எழுத்தோடு ஓர் எண். 2018 மே மாதத்திலிருந்து சொற்களுக்கென்றே தனிப் பக்கங்கள் வந்தன, அவற்றுக்கு எல் என்ற எழுத்தோடு எண். ஒரு சொல்லின் பக்கத்தில் அது எந்த மொழி, பெயரா வினையா, என்னென்ன வடிவம் எடுக்கும், என்னென்ன பொருள் தரும் என்று தனித்தனியாகப் போடலாம். ஒவ்வொரு பொருளுக்கும் துணை எண் உண்டு. அந்தப் பொருளிலிருந்து க்யூ பக்கத்துக்கு ஓர் இணைப்பு. ஆக, "திரை" என்ற தமிழ்ச் சொல்லுக்கு ஒரு பக்கம், அதற்குள் மூன்று நான்கு பொருள், ஒவ்வொன்றும் வெவ்வேறு க்யூவைத் தொட்டு நிற்கும். சினிமாத் திரையும் அங்கேயே தனிப் பொருளாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்படிச் செய்தால் கிடைக்கும் லாபம் மற்ற மொழிகளுக்குப் போகும்போதுதான் தெரியும். கர்நாடகத்தின் நாட்டார் நாடகமான யட்சகானத்தில் "தெரெ" இருக்கிறது. அதுவும் இரண்டு பேர் பிடிக்கும் துணிதான். கதகளியின் "திரசீலை"யும் அப்படியே. நம் திரையோடு சேர்த்து இவை மூன்றும் நம் முதல் எண்ணில் கூசாமல் உட்காரும். ஆனால் ஆங்கிலத்தில் "கர்ட்டன்" என்று மட்டும் போட்டால், அது மேலே கம்பியில் தொங்கி இரண்டு பக்கமும் இழுபடும் வேறு ஒன்று. மேடை போட்டு ஆடும் நம் ஸ்பெஷல் நாடகக்காரர்கள் சொல்லும் "படுதா" அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். அதிலும் காடு, தர்பார், தெரு என்று ஓவியம் எழுதிய படுதாவை "சீன்" என்று சொல்கிறார்கள், அதற்கு இன்னொரு எண். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகைத் திரைகள் வருவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பக்கமிருந்து இழுப்பது, இரண்டு பக்கமும் வந்து சேர்வது, மேலிருந்து இறங்குவது. கட்டின மேடைக்கான சொற்கள் அவை. பழைய தமிழ்ச் சொல் என்ற ஆசையில் கூத்துத் திரைக்கு "எழினி" என்று போட்டுவிடுவார்கள், நானே இரண்டு மூன்று தொகுப்புகளில் பார்த்திருக்கிறேன். எழினிக்குத் தனி எண், தனி மரியாதை கொடுங்கள். கூத்துக்காரர் வாயில் வராத சொல்லை அவர் சொன்னதாகப் பதியக்கூடாது.

கட்டியங்காரனும் இதே கதைதான். உங்கள் தாளில் அவனுக்கு நேரே தெலுங்கில் விதூஷகன், கன்னடத்தில் ஹாஸ்யகார, ஆங்கிலத்தில் கிளவுன் என்று இருக்கிறது. நான்கு பேரும் சிரிக்க வைப்பார்கள் என்பது உண்மை. ஆனால் கட்டியம் என்பது ராஜாவின் பெருமையைக் கூவிச் சொல்வது. அவன் முதலில் வந்து கூத்தைத் தொடங்கி வைக்கிறான், வருகிற ஒவ்வொரு வேஷத்திடமும் "தாங்கள் யார்" என்று கேட்டு வாயைக் கிளறுகிறான், கதை தெரியாத பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி ராஜா பேச்சை ஊர்ப்பேச்சில் மாற்றிச் சொல்கிறான், ஆள் பற்றாத இடத்தில் காவலாளியும் தூதனும் அவனே. யட்சகானத்தில் கதையைக் கையில் வைத்து நடத்துபவர் பாகவதர். அவர் பாடகர், ஆடுகளத்தில் நின்று ஆடுபவர் அல்ல. ஆகவே கட்டியங்காரனின் வேலையில் ஒரு பங்கு அங்கே பாகவதரிடமும் ஒரு பங்கு ஹாஸ்யகாரரிடமும் இருக்கிறது. ஸ்பெஷல் நாடகத்தின் பபூன் இன்னொரு வகை. இவர்களை மொழிபெயர்ப்பு என்று இணைக்காமல், ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுத்து, எல்லோரையும் "நாடகத்தில் நகைச்சுவைப் பாத்திரம்" என்ற பொது வகைக்குக் கீழே கொண்டுவாருங்கள். ஆங்கிலப் பத்தி காலியாக இருந்தால் இருக்கட்டும். வேண்டுமானால் "கட்டியங்காரன்" என்பதையே ஆங்கில எழுத்தில் பெயராகக் கொடுத்து விளக்கத்தில் இரண்டு வரி எழுதலாம்.

அடுத்து, உங்கள் தாளில் எனக்குக் குறையாகப் பட்டது, வினைச்சொல்லே இல்லை. எல்லாம் பெயர்ச்சொல். கூத்துக்காரர்கள் பேச்சைக் கவனித்தீர்களானால் "கட்டு" என்ற ஒரு வினை எத்தனை வேலை செய்கிறது பாருங்கள். வேஷம் கட்டுவது, சலங்கை கட்டுவது, களரி கட்டுவது. சலங்கையில் மட்டும்தான் உண்மையில் கயிற்றைக் கட்டுகிறோம். களரி கட்டுவது என்றால் மத்தளம், தாளம், முகவீணை என்ற ஊதுகருவி, ஆர்மோனியம் எல்லாம் ஒன்றாக முழங்கி ஊருக்குக் கூத்து தொடங்குகிறது என்று சொல்வது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் பாயும் போர்வையுமாகச் சனங்கள் வீட்டை விட்டுக் கிளம்புவார்கள். "களரி" என்ற பெயரை மட்டும் எடுத்து "ஆடுகளம்" என்று பொருள் எழுதிவிட்டால் அந்த முழக்கம் தரவில் எங்கேயும் இருக்காது. கூத்து ஆடுவது வேறு, கூத்து விடுவது வேறு. முதலாவது கலைஞர் செய்வது, இரண்டாவது ஊரோ வேண்டுதல்காரரோ செலவு ஏற்று நடத்துவது. இப்படிச் சேர்ந்தே வரும் தொடர்களுக்கும் தனிப் பக்கம் தொடங்க விக்கித்தரவில் இடம் உண்டு. எந்தெந்தச் சொல் கூடி அந்தத் தொடர் வந்தது என்றும் காட்டலாம்.

பொருள் நகர்ந்த சொற்களுக்கு நேரம் ஒதுக்குங்கள், அவைதான் எனக்கு ரொம்பப் பிடித்தவை. "அரிதாரம்" ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது மஞ்சள் நிறக் கனிமம், ஆர்சனிக் கலந்தது, நஞ்சு. முகத்துக்கு மஞ்சள் பூச அதை அரைத்துப் பயன்படுத்திய காலத்தில் வந்த சொல். இன்று கடையில் வாங்கும் பவுடரும் பெயிண்டும்தான், ஆனாலும் "அரிதாரம் பூசுவது" என்றே சொல்கிறோம். சினிமாக்காரர்களைப் பற்றி எழுதும்போதும் அதே சொல். ஒரே பக்கத்தில் இரண்டு பொருள் போட வேண்டும்: கனிமம் ஒன்று, ஒப்பனை ஒன்று. மாணவர்களிடம் சொல்லி, முத்துவெள்ளை, செந்தூரம் இவற்றுக்கும் இப்படியே செய்யச் சொல்லுங்கள். டப்பாவைப் படம் எடுக்க மறக்க வேண்டாம். விளக்கும் அப்படித்தான். தீவட்டி, பெட்ரோமாக்ஸ், டியூப்லைட், இப்போது போகஸ் என்று ஒரே வேலைக்கு நான்கு தலைமுறைச் சொல் இருக்கிறது. "போகஸ் தமிழ் இல்லையே" என்று அதைத் தூக்கிவிட்டு "ஒளிவிளக்கு" என்று போடாதீர்கள். கலைச்சொல் ஆக்குவது நல்ல வேலைதான். அரசின் சொற்குவை மாதிரித் திட்டங்கள் அதற்காக இருக்கின்றன. நீங்கள் எடுத்துக்கொண்டது வேறு வேலை. வாயில் இருப்பதைப் பதிவது.

நம் பகுதியில் மும்மொழிப் புழக்கம் இருப்பதால் இன்னொரு கவனம் வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் போனால் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழி. நீங்கள் அங்கே கேட்டு எழுதிய கன்னடச் சொல்லை "கன்னடம்" என்று மட்டும் குறித்தால், உடுப்பியில் இருப்பவர் வந்து "இப்படி ஒரு சொல்லே இல்லை" என்று திருத்திவிடுவார். அவர் பங்குக்கு அவர் செய்தது சரிதான். ஊர்ப்பெயரோடு பதிந்திருந்தால் கை வைத்திருக்க மாட்டார். ஊர்ப்பெயர் என்றால் மாவட்டம் அல்ல, கிராமம் வரைக்கும். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-இல்தான் பிரிந்தது. அதற்கு முந்தைய எழுத்தில் "தர்மபுரி மாவட்டக் கூத்து" என்று வந்தால் அது ஓசூரையும் உள்ளடக்கும். 1965-க்கு முன்னால் எல்லாமே சேலம். பழைய நூலிலிருந்து எடுத்துப் போடும்போது இதை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்தும் ஏமாற்றும். கூத்தில் வேகமாகச் சுழன்று ஆடுவதைக் கிறுக்கி, கிறிக்கி, கிர்க்கி என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். கன்னடத்தில் சுழல்வதற்குக் "கிரகி" என்று ஒரு சொல் இருக்கிறது. யட்சகானத்தில் முழங்காலில் சுற்றுவதை "மண்டி கிரகி" என்கிறார்கள். அங்கே முதல் எழுத்து "கங்கை"யின் முதல் எழுத்தைப் போல ஒலிக்கும். தமிழ் எழுத்தில் எழுதினால் அது தெரியாமல் போய்விடும். எனவே கன்னடச் சொல்லைக் கன்னட எழுத்திலும் தெலுங்குச் சொல்லைத் தெலுங்கு எழுத்திலும்தான் ஏற்ற வேண்டும். உங்கள் மாணவர்களில் அந்த எழுத்து தெரிந்தவர்கள் கட்டாயம் இருப்பார்கள், கிருஷ்ணகிரியில் அதற்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒலிப்பதிவு செய்து, படம், ஒலி, வீடியோ சேமிக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றிச் சொல்லின் பக்கத்தில் இணையுங்கள். ஸ்பெல்ஃபார்விக்கி என்ற ஆண்ட்ராய்டு செயலி இதற்கென்றே இருக்கிறது. நம் தமிழ்நாட்டு விக்கியர் உருவாக்கியது, போனிலேயே பேசிப் பதியலாம். அப்புறம், கிறுக்கியும் கிரகியும் கேட்க ஒன்றுபோல இருக்கிறதே என்று "கன்னடத்திலிருந்து வந்தது" என்று வேர் காட்டிவிடாதீர்கள். நமக்கும் தலை கிறுகிறுக்கத்தான் செய்கிறது. எது எங்கிருந்து போனது என்பதை மொழியியல் படித்தவர் ஆதாரத்தோடு சொல்லட்டும். அதுவரை அந்தக் கட்டம் காலியாக இருக்கலாம். பாட்டைக் குறிக்கும் "தரு"வுக்கும் தெலுங்கு "தருவு"க்கும் இதையே சொல்வேன். புஜகீர்த்தி மட்டும் கவலையில்லாத சொல். மரத்தில் செதுக்கிக் கண்ணாடி பதித்துத் தோளில் கட்டும் அந்த அணிக்கு மூன்று மொழியிலும் அதே பெயர்தான்.

ஆதாரம் என்றதும் உங்களுக்கு அடுத்த கேள்வி வரும்: வாத்தியார் வாயால் சொன்னதற்கு எந்தப் புத்தகத்தைக் காட்டுவது? விக்கிப்பீடியாவில் இது உண்மையிலேயே தடங்கல்தான், ஏற்கெனவே வெளியான, நம்பத்தக்க சான்று கேட்பார்கள். வாய்மொழியையும் சான்றாக ஏற்க முடியுமா என்று 2011-இல் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரு முயற்சி நடந்தது. இந்தி, மலையாளம், செபெடி மொழிகளில் மக்களைப் பேச வைத்து ஒலிப்பதிவையே சான்றாக வைத்தார்கள். பொதுக் கொள்கையாக அது மாறவில்லை. ஆனால் சொற்பக்கத்தில் நிலைமை இலகு. ஒரு சொல் வழக்கில் இருக்கிறது என்பதற்கு, அதை ஒருவர் இயல்பாகப் பேசும் பதிவே நல்ல சான்று. "துரியோதனன் திரை இன்னும் முடியல" மாதிரி ஒரு முழு வாக்கியத்தை எடுத்துக்காட்டாகப் போட்டு, பதிவுக்கு இணைப்பும் தேதியும் ஊரும் கொடுங்கள். பட்டியலை வைத்துக் கேட்டு வாங்கிய நூறு சொல்லை விட இப்படி ஒட்டுக்கேட்ட பத்து வாக்கியம் எனக்கு உசத்தி.

அனுமதி விஷயத்தை ரொம்பத் தெளிவாகப் பேசிவிட வேண்டும். விக்கித்தரவில் ஏற்றுவது எல்லாம் சிசி ஜீரோ உரிமத்தின் கீழ் வருகிறது. அதாவது யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை, பணம் பண்ணினாலும் கேட்க முடியாது. இதைக் கலைஞரிடம் கையெழுத்து வாங்கும் பேப்பரில் மட்டும் வைக்காமல் வாயால் சொல்லுங்கள். சொல்லின் பொருளைச் சொல்லித் தருவதற்குப் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. பாட்டையும் ஏட்டில் இருக்கும் வசனத்தையும் பற்றிக் கேட்டால் தயக்கம் வரும், அது அவர்கள் குருவழியில் வந்த சொத்து. அங்கே நிறுத்திக்கொள்வதுதான் முறை. வீடியோவில் பெயர் வேண்டும் என்பவருக்குப் பொதுவகத்தின் சிசி பை எஸ்ஏ உரிமம் பொருந்தும், அதில் பெயர் குறிப்பிட்டே ஆக வேண்டும். பூஜையோடு சேர்ந்த சில சொற்களை வெளியே சொல்லக்கூடாது என்று ஓர் ஊர் சொன்னால், உங்கள் தாளிலிருந்தும் அழித்துவிடுங்கள்.

இனி எங்கே தொடங்குவது? முந்நூறையும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டாம். முப்பது பொருளை மட்டும் எடுத்து, எண்ணும் படமும் கொடுத்து, அந்தப் படங்களை போனில் வைத்துக்கொண்டு மூன்று ஊருக்குப் போங்கள்: பென்னாகரம் பக்கம் ஒன்று, போச்சம்பள்ளி பக்கம் ஒன்று, தளி பக்கம் ஒன்று. படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேளுங்கள், சொல்லைச் சொல்லிக் கேட்காதீர்கள். மூன்று இடத்திலும் ஒரே சொல் வந்தால் நல்லது, வேறு வேறு வந்தால் இன்னும் நல்லது. திரை பிடிக்கிறவர், பெட்டி தூக்குகிறவர், மைக் செட்டுக்காரர் இவர்களையும் கேளுங்கள். எல்லோரும் வாத்தியாரைத்தான் தேடிப் போகிறார்கள், தொழில் சொல்லில் பாதி இவர்களிடம் இருக்கிறது.

பாரதக் கூத்து நடக்கும் ஊரில் தங்க இடம் கிடைத்தால் படுகளத்தன்று விடியற்காலையில் அங்கே இருங்கள். பதினெட்டாம் போர் முடிந்து, மண்ணால் செய்த துரியோதனன் உருவம் தரையில் நீண்டு கிடக்க, திரௌபதி கூந்தல் முடிகிற நேரம். அந்த மண்ணுருவத்தைப் பிசைந்து உருவாக்குபவர்கள் பல ஊர்களில் கூத்துக்காரர்கள் அல்ல, ஊர்க்காரர்கள். தலைக்கு, தொடைக்கு, அதில் வைக்கும் சிவப்புக்கு அவர்கள் என்னென்ன பெயர் சொல்கிறார்கள் என்று முந்தின நாளே, மண் குழைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். மறுநாள் கூட்டத்தில் யாருக்கும் பதில் சொல்ல நேரம் இருக்காது.